முள் கீறியும் வலிக்காத இடத்துக்குக் கிரீம் எதற்கு?

காசிமேட்டிலிருந்து நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு பக்கக் கடிதத்தில், வறண்ட தோலுக்கு வீட்டிலேயே கிரீம் செய்யக் கற்றாழைச் சோறு எவ்வளவு, பன்னீர் எவ்வளவு, தேங்காய் எண்ணெய் எவ்வளவு, செய்த கிரீம் மூன்றாவது வாரத்தில் ஏன் நாறியது என்ற கேள்விகளே நிறைந்திருக்கின்றன. நான் அதன் கடைசி நான்கு வரிகளிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கணவரின் இடது முன்னங்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, ஓர் இடம் வெளிறி வறண்டு கிடக்கிறது. மூன்று மாதமாக நீங்கள் கிரீம் பூசியும் அது மாறவில்லை. அங்கே மட்டும் அரிப்பே இல்லை, மீன் முள் கீறி ரத்தம் வந்தபோதுகூட அவருக்குத் தெரியவில்லை. துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிற வேலையால் மரத்துப் போயிருக்கும் என்று காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

அம்மா, ஐஸால் கை மரத்தால் இரண்டு கைகளின் விரல்களும் மரக்கும். வேலை முடிந்து கை சூடேறியதும் சரியாகிவிடும். வெளிறிய ஒரே ஓர் இடம் மட்டும் மாதக்கணக்கில் உணர்ச்சியற்று இருப்பதற்கு ஐஸ் காரணமாகாது. வெளிறிய தேமலில் தொடு உணர்வும் குறைந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், அது தொழுநோயா என்பதைத்தான் தோல் மருத்துவர்களான நாங்கள் முதலில் பார்ப்போம். கையைப் பார்க்காமல் அதுதான் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பார்க்காமல் விடவும் கூடாது.

அந்தச் சொல்லை நீங்கள் கடிதத்தில் எங்கும் எழுதவில்லை. ஆனால் அவருடைய துண்டையும் சோப்பையும் தட்டையும் தனியாக எடுத்து வைத்துவிட்டதாகவும், மகனின் கன்னத்தில் தேமல் தெரிந்த நாளிலிருந்து தூக்கமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிரீமுக்கு அளவு மட்டும் கேட்க வந்தவர் தட்டைத் தனியாக வைத்திருக்க மாட்டார்.

தட்டை மறுபடியும் ஒன்றாகவே வையுங்கள். இந்தக் கிருமி தட்டிலோ துண்டிலோ ஒட்டிக்கொண்டு பரவுவதில்லை. சிகிச்சை எடுக்காத ஒருவருடன் நீண்ட காலம் நெருங்கிப் பழகும்போது, அவருடைய மூச்சுக்காற்றில் வரும் நுண்துளிகள் வழியாகவே பரவுகிறது என்று கருதப்படுகிறது. அப்படிப் பழகியவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு இயற்கையான எதிர்ப்புச் சக்தி இருப்பதால் நோய் வருவதில்லை. இது பரம்பரை நோயும் அன்று, பாவத்தின் பலனும் அன்று. 1873-ஆம் ஆண்டிலேயே ஹான்சன் என்ற நார்வே மருத்துவர் இதற்கு ஒரு கிருமிதான் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டார். இந்த நோயைத்தான் நாட்டில் ஒழித்துவிட்டார்களே என்று உங்கள் மைத்துனர் சொன்னாராம். அறிவிக்கப்பட்டது, 2005-ஆம் ஆண்டின் இறுதியில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பது மட்டுமே. அந்தக் குறைந்த எண்ணிக்கையில் உள்ளவர்கள் இன்றும் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறார்கள்; பெரும்பாலும் எதையாவது ஆறு மாதம் பூசிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

உங்கள் கிரீம் அந்த இடத்தில் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கக்கூடும். இந்தக் கிருமி தோலின் நரம்புகளுக்குள் குடியேறுகிறது. தொடுதலையும் வலியையும் சூட்டையும் உணர்த்தும் நரம்புகளோடு, வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்பிழைகளும் கெடுவதால், அந்த இடம் வியர்க்காமல் வறண்டுபோகிறது; எண்ணெய்ப்பசை குறைந்ததால் வந்த வறட்சி அன்று அது. முழங்கையின் உட்புறமாக ஓடும் நரம்பு தடித்துச் சேதமடைந்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் வலுவிழந்து மடங்கத் தொடங்கும், பெட்டி தூக்கிப் பிழைப்பவருக்கு அது பெரிய இழப்பு. அதற்கு முன்னால் மாத்திரை தொடங்கிவிட்டால் அந்த நிலை வராமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். தேமல்களின் எண்ணிக்கையையும் நரம்புப் பாதிப்பையும் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ கூட்டு மருந்து கொடுப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். உங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ இந்த வாரமே அவரை அழைத்துச் செல்லுங்கள். உறுதியானால் வீட்டில் உள்ள மற்றவர்களையும் பரிசோதிப்பார்கள்.

மகனின் கன்னத்தில் இருப்பது, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பள்ளிப் பிள்ளைகள் பலருக்கும் வருகிற சாதாரண வறட்சித் தேமல். வயிற்றில் பூச்சி இருப்பதால் வந்ததும் அன்று, சத்துக் குறைவும் அன்று. அப்பாவோடு அவனையும் ஒருமுறை காட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள். உங்கள் கால்களில் மீன்செதில் போல வெள்ளையாக உதிர்வதற்கு உப்புத் தண்ணீரும், தினமும் இரண்டு முறை போடுகிற சோப்பும், மார்கழிக் காற்றும் போதுமான காரணங்கள். எடை கூடுதல், மலச்சிக்கல், அசதி எதுவுமில்லாமல் கால் தோல் மட்டும் உலர்வதைத் தைராய்டு என்று கைப்பேசி சொன்னால், கைப்பேசியை மூடி வையுங்கள்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. "இயற்கைக் கிரீம்" என்று நீங்கள் சொல்கிற அந்தப் புட்டியில், சீக்கிரம் பலன் தெரியட்டும் என்று மருந்துக் கடையில் வாங்கிய ஒரு டியூபையும் பிழிந்து கலந்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் பெயரின்படி அது வீரியமான ஸ்டீராய்டு களிம்பு. அது தோலை மெலியச் செய்யும், படர்தாமரை இருந்தால் அடையாளம் தெரியாமல் பரவ விடும், பிள்ளையின் கன்னத்தில் பூசினால் பருக்களும் சிவப்பும் வரும். கற்றாழையோடு கலந்துவிட்டதால் அது மூலிகையாகிவிடாது. புட்டியோடு குப்பையில் போடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்றாவது வாரத்தில் கிரீம் நாறியதற்குக் காரணம், அதில் தண்ணீர் இருந்ததுதான். கற்றாழைச் சோறும் பன்னீரும் பெரும்பகுதி தண்ணீரே. சென்னைச் சூட்டில் அதில் கிருமியும் பூஞ்சையும் சில நாட்களிலேயே வளரும். நீங்கள் சேர்த்த வைட்டமின் ஈ, எண்ணெய் காறிப்போவதைத் தாமதப்படுத்துமே தவிர, கிருமியைத் தடுக்காது. கடைக் கிரீமில் நீங்கள் பயப்படுகிற அந்தப் பதப்படுத்தும் பொருள் இந்த வேலைக்காகத்தான் சேர்க்கப்படுகிறது. நீங்கள் கலந்த எலுமிச்சைச் சாற்றுக்கும் தோலில் எந்த வேலையும் இல்லை; வெடித்த இடத்தில் எரிச்சல்தான் மிஞ்சும்.

வீட்டில் செய்தே தீர வேண்டுமென்றால் தண்ணீர் சேராத களிம்பாகச் செய்யுங்கள். 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 20 கிராம் தேன்மெழுகு போதும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உருகிவிடுவதால் நம் ஊரில் தனியாக அது உறைந்து நிற்காது. மெழுகுதான் அதைக் களிம்பாகப் பிடித்து வைக்கிறது. கொதிக்கும் தண்ணீருக்குள் கிண்ணத்தை வைத்து, மெழுகு முழுவதும் கரைந்ததும் இறக்கி, ஈரமில்லாத புட்டியில் ஊற்றுங்கள். ஈரக் கையால் எடுக்காதீர்கள். குளித்துத் துவட்டி, தோலில் லேசாக ஈரம் இருக்கும்போதே பூசினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கும். வறண்டு போன பிறகு அள்ளிப் பூசுவதால் பிசுக்குதான் மிஞ்சும். இதற்கும் பொறுமையில்லை என்றால் சாதாரண வாஸ்லின் இதே வேலையைச் செய்யும்.

உங்கள் கணவருக்கு அந்த நோய்தான் என்று உறுதியானாலும் இந்தக் களிம்பு வீணாகாது. கூட்டு மருந்தில் ஒரு மாத்திரை தோலை உலர்த்திக் கருக்கச் செய்யும் (மருந்து முடிந்த பிறகு மெல்ல மெல்ல மாறிவிடும்). உணர்ச்சி குறைந்து வறண்ட கை கால்களை 20 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்தவுடன் எண்ணெய் பூசச் சொல்லி நாங்களே கற்றுக்கொடுக்கிறோம். ஆனால் மருத்துவரிடம் போகிற அன்று காலையில் மட்டும் அந்த இடத்தில் எதையும் பூசாதீர்கள். ஊசியால் குத்தியோ சூடு வைத்தோ நீங்களாகச் சோதிக்கவும் வேண்டாம். அந்த டியூபின் காலி உறையைக் கையோடு எடுத்துச் சென்று, எத்தனை நாள் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.