கழித்து வைத்த பீடி

அக்கா, வணக்கம். பேரணாம்பட்டிலிருந்து எழுதுகிறேன். பி.சி.ஏ. முடித்துவிட்டு, வீட்டிலிருந்தே ஒரு வெளிநாட்டுச் செயலிக்குப் படங்களில் கார், மனிதர், மரம் என்று குறித்துக் கொடுக்கிறேன். படத்துக்கு இவ்வளவு என்று காசு. முதலாளி இல்லை, ஷிப்ட் இல்லை. போன மாதம் 140 படங்களைத் தரமில்லை என்று தள்ளிவிட்டார்கள், பரவாயில்லை. நீங்கள் இன்னும் தோல், பீடி என்றே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். உலகம் மாறிவிட்டது அக்கா. நானே ஸ்டார்ட்-அப் தொடங்கலாமா? பெங்களூரு போகட்டுமா?

அன்புத் தம்பி,

பெங்களூருக்குக் காட்பாடியிலிருந்து தினமும் ரயில் இருக்கிறது. போவதும் போகாததும் உன் இஷ்டம். நான் நின்றுவிட்டது நீ ‘பரவாயில்லை’ என்று தாண்டிப் போன இடத்தில். கொஞ்ச நாளாக எனக்கும் இப்படித் தள்ளிவிடும் வேலையைப் பற்றித்தான் நினைப்பு.

குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுவாள். இலையை நனைத்து, தகடு வைத்துக் கத்தரித்து, தூள் போட்டு உருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்க வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் ஏஜென்ட் கட்டைப் பிரித்துப் பார்த்து, இது தளர்ச்சி, இது மடிப்பு சரியில்லை என்று ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பார். அதற்குக் கூலி கிடையாது. பீடியும் திரும்பி வராது. “வேணாம்னா எங்ககிட்டயே குடுத்துடுங்க” என்று ஒருநாள் நான் கேட்டுவிட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மறுநாள் எங்களுக்கு இலை குறைந்தது.

அம்மாவும் முதலாளியைக் கண்ணால் கண்டதில்லை. அவளுக்கும் ஷிப்ட் இல்லை, ராத்திரி பதினொரு மணிக்கும் சுற்றினாள். நீ எதைப் புதுசு என்கிறாய்?

இணையத்தில் சின்னச் சின்ன வேலைகளை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமேசானின் மெக்கானிக்கல் டர்க் 2005-இல் வந்தது. வேலை கொடுத்தவர் பிடிக்கவில்லை என்று தள்ளினால் செய்தவருக்குக் காசு இல்லை. ஆனால் செய்த வேலை கொடுத்தவர் கையில்தான் இருக்கிறது. ஊபர் ஓட்டுநர்கள் தனியாகத் தொழில் செய்பவர்கள் அல்ல, தொழிலாளர்கள்தான் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1966-இல், நம் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளையும் தொழிலாளி என்றது. தரமில்லை என்று பீடியைக் கழிப்பதில் தகராறு வந்தால் ஓர் அதிகாரி தீர்க்க வேண்டும் என்றும் எழுதி வைத்தது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள், 1974-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. எங்கள் திண்ணைக்கு அந்த அதிகாரி வந்ததே இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் கழிப்பது ஒரு தகராறு என்று சட்டத்துக்கே தெரிந்திருந்தது. படித்த உனக்குத் தெரியவில்லையே! 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி வழியே வேலை வாங்கும் நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் கிக் தொழிலாளர், அதாவது நிரந்தர வேலை இல்லாமல் வேலைக்கு வேலை கூலி வாங்குகிறவர்கள், நலனுக்குத் தர வேண்டும் என்கிறது. நல்லது, வரட்டும். தள்ளிய வேலைக்குக் கூலி எங்கே?

உன் 140 படம் எங்கே போயிற்று? அழித்தார்களா, வைத்துக்கொண்டார்களா? ஒரு வார்த்தை கேட்டாயா? சொந்தக் கம்பெனி நடத்தப் போகிறவன் தன் உழைப்பை எண்ணாமல் விட்டால் நாளைக்கு உன்னிடம் வேலை செய்கிறவனுடையதையும் எண்ண மாட்டாய். கோபம்தான் எனக்கு. உன்மேல் பிரியம் இல்லாவிட்டால் இவ்வளவு எழுத மாட்டேன்.

ஒரு நோட்டுப் போடு. தேதி, எத்தனை தள்ளினார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுது. உன் தெருவில் இதே வேலை செய்கிற மற்ற பிள்ளைகளையும் எழுதச் சொல். மூன்று மாதம் கழித்து எனக்கு அனுப்பு. ராத்திரி இருட்டில் திரையைப் பார்க்காதே, விளக்கைப் போட்டுக்கொள்.

அக்கா