டிரைவர் இல்லாத காருக்கு 20 லட்சம் டாலர்

கேள்வி: போக்குவரத்து ஆராய்ச்சிக்கு அரசாங்கங்கள் விருது கொடுக்கின்றனவே, சால்வை, கேடயம் தாண்டி அதனால் ஏதாவது நடந்திருக்கிறதா? - ஒரு வாசகி, கரூர்

பதில்: சால்வை விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவான டார்ப்பா 2004-ல் செய்தது வேறு ரகம். மொஹாவே பாலைவனத்தில் சுமார் 240 கிலோமீட்டரை ஆள் இல்லாமல் ஓடி முடிக்கும் வண்டிகளில் முதலாவதுக்கு 10 லட்சம் டாலர், முடிக்காவிட்டால் யாருக்கும் சல்லிக்காசு கிடையாது என்று அறிவித்தார்கள். யாரும் முடிக்கவில்லை! கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஹம்வீதான் (ராணுவ ஜீப் மாதிரி ஒரு வண்டி) அதிக தூரம் போனது, அதுவும் 12 கிலோமீட்டருக்குள் ஒரு கொண்டை ஊசி வளைவில் சிக்கி, டயர் சுற்றிச் சுற்றிப் புகைந்து நின்றுவிட்டது. தானே சமநிலை பிடித்து ஓடவேண்டிய பைக் ஒன்று கிளம்பிய இடத்திலேயே விழுந்தது; அந்தச் சமநிலை சுவிட்சைப் போட மறந்துவிட்டார்களாம். (நாம் ஹெட்லைட்டை அணைக்க மறக்கிறோமே, அப்படித்தான்.)

சரி, அதோடு மூட்டை கட்டினார்களா? பரிசை இரட்டிப்பாக்கினார்கள். 2005-ல் ஐந்து வண்டிகள் முழுத் தூரமும் ஓடின. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'ஸ்டான்லி' 212 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்துக்குள் கடந்து 20 லட்சத்தைத் தட்டிச் சென்றது. அந்தக் குழுவின் தலைவர் செபாஸ்டியன் த்ரன்தான் அப்புறம் 2009-ல் கூகுளின் தானோட்டிக் கார் திட்டத்தைத் தொடங்கினார். இன்று சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் டிரைவர் இல்லாமல் டாக்ஸி ஓட்டும் வேமோ அதிலிருந்து வந்ததுதான்.