ஈவினிங் ஸ்டார் நீராவி எஞ்சின் ஏன் ஐந்தே வருடத்தில் ஓய்வு பெற்றது?

வயதாகி அல்ல, காலம் மாறியதால். பிரிட்டிஷ் ரயில்வே 1955-லேயே டீசலுக்கு மாற முடிவெடுத்துவிட்டது. ஆனாலும் 1960 மார்ச்சில் ஸ்விண்டன் பணிமனையிலிருந்து அதன் கடைசி நீராவி எஞ்சினாக, 92220 என்ற எண்ணோடு ஈவினிங் ஸ்டார் வெளிவந்தது. பாதுகாக்கப்போகிறோம் என்று முன்பே தெரியும். அதனால்தான் கூடப்பிறந்த சரக்கு எஞ்சின்களெல்லாம் கறுப்பாக இருக்க, இதற்கு மட்டும் பச்சை வண்ணம், புகைபோக்கியில் செப்பு வளையம்!

சரக்கு இழுக்கப் பிறந்தது, இங்கிலாந்தின் சாமர்செட்–டார்செட் மலைப்பாதையில் பயணிகள் ரயிலும் இழுத்தது. பத்து இயக்கு சக்கரங்கள். வளைவில் திரும்ப வசதியாக நடு ஜோடிக்கு மட்டும், சக்கரத்தைத் தண்டவாளத்தில் பிடித்துவைக்கும் விளிம்பு (flange) கிடையாது. 1965-ல் ஓய்வு.

அப்புறம் சீர்செய்யப்பட்டு, 1980களிலும் சிறப்பு ரயில்களை இழுத்தது. இப்போது பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தின் சொத்து. பிரதான பாதையில் இனி ஓடுவது கஷ்டம்: புதிய தண்டவாளச் சந்திப்புகளில் சக்கரம் வழி மாறாமல் காக்க உயர்த்தி வைத்த காப்புத் தண்டவாளத்தில் (check rail) அந்த விளிம்பில்லாச் சக்கரம் இடிக்கும்.