அந்த யானை விளக்கு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அமெரிக்கப் பள்ளிப் படங்களைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, பதினாறு வயதான என் மகளுடன் அமர்ந்து 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' பார்த்தேன். அவள் வயதில் நான் கண் கலங்கிப் பார்த்த படம் அது. பாதிப் படத்திலேயே அவள், "இவர்களில் யாருமே எனக்குத் தெரிந்தவர்கள் மாதிரி இல்லையே அப்பா" என்று சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தலைமுறையின் படமும் அந்தத் தலைமுறையின் பள்ளியை உள்ளபடி காட்டுகிறது என்று இத்தனை நாளும் நம்பியிருந்தேன். நான் கண்டது வெறும் ஏக்கம்தானா? எந்தக் காலத்துப் படத்தைத்தான் நம்புவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகள் சொன்னது சரி. அதனாலேயே நீங்கள் கண் கலங்கியது பொய்யாகிவிடாது. நாம் பதின்பருவப் படம் என்று அழைக்கும் வகையில் பெரும்பாலானவை பெரியவர்கள் தம் நினைவிலிருந்து எடுத்தவை. உங்கள் கேள்விக்கான விடை அங்கிருந்து தொடங்குகிறது.

ஜார்ஜ் லூகாஸின் 'அமெரிக்கன் கிராஃபிட்டி' 1973இல் வெளிவந்தது. கதை நடப்பதோ 1962ஆம் ஆண்டுக் கோடை முடியும் ஓர் இரவில். லூகாஸ் பள்ளியை முடித்ததும் அதே ஆண்டில்தான். ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 1993இல் எடுத்த 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' 1976இன் கடைசிப் பள்ளி நாளைச் சொல்கிறது. அப்போது அவரும் பள்ளி மாணவர். இத்தகைய படங்களில் காரும் பாட்டும் தலைமுடியும் வெகு கவனமாகத் திரும்ப உருவாக்கப்பட்டிருக்கும். ஆனால் அவற்றை எடுத்தவருக்குப் பின்னால் நடந்தது தெரியும். லூகாஸின் படம் முடியும்போது நான்கு இளைஞர்களுக்கும் பிற்பாடு என்ன நேர்ந்தது என்று திரையில் எழுத்துகள் வருகின்றன. ஒருவன் வியட்நாம் போரில் காணாமற்போகிறான், ஒருவன் கனடாவில் வாழும் எழுத்தாளனாகிறான். அந்த இரவில் ஊரைச் சுற்றிய பையன்களுக்கு வியட்நாம் தெரியாது, படத்துக்குத் தெரியும். அதே எழுத்துகளில் அவர்களோடு சுற்றிய பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் காலத்தைப் பற்றி அந்த வெற்றிடம் எனக்குச் சொன்ன அளவுக்கு அதன் கார்களும் பாடல்களும் சொல்லவில்லை.

நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: எதைக் காட்ட வேண்டும் என்று இயக்குநர் மெனக்கெட்டாரோ அதைக் காட்டிலும், யோசிக்கவே தேவையில்லை என்று எதை விட்டுவிட்டாரோ அதில்தான் ஒரு தலைமுறையின் பள்ளி அப்படியே பதிந்திருக்கிறது.

நீங்கள் பார்த்த படத்தையே எடுத்துக்கொள்வோம். தண்டனையாகச் சனிக்கிழமை பள்ளி நூலகத்தில் அடைக்கப்பட்ட ஐந்து பேரில் பிரையன் நன்றாகப் படிக்கும் பையன். கைத்தொழில் வகுப்பில் அவன் செய்த யானை விளக்கு, தும்பிக்கையை இழுத்தால் எரிய வேண்டியது, எரியவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாகத் தோற்றுப்போன அவன் உயிரை விட எண்ணித் துப்பாக்கி ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டுவருகிறான். அது நெருப்புச் சமிக்ஞை விடும் துப்பாக்கி என்பதும், அவனுடைய லாக்கருக்குள்ளேயே வெடித்துவிட்டது என்பதும் தெரிந்ததும் எல்லோரும் சிரித்துவிடுகிறார்கள். யானை நாசமாகிவிட்டது என்று சொல்லி அவனும் சிரிக்கிறான். 1985இல் திரையரங்கமும் கூடவே சிரித்தது, நானும் சிரித்தேன். 1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் மாணவர்கள் இருவர் நடத்திய துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, மாணவன் ஒருவனின் லாக்கரில் துப்பாக்கி என்பதை எந்தத் திரைக்கதையாசிரியரும் அப்படி எழுத முடியாது. படத்தை எழுதி இயக்கிய ஜான் ஹியூஸ் அன்றைய பள்ளியின் அச்சமின்மையைப் பதிவுசெய்ய வேண்டும் என்று திட்டமிட்டு இதை எழுதியிருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் அந்தச் சிரிப்பை நான் ஆவணமாக நம்புகிறேன். உங்கள் மகள் அந்த இடத்தில் சிரித்தாளா என்று நீங்கள் எழுதவில்லை. அதை அறிய ஆசைப்படுகிறேன்.

அந்த ஐவரில் ஒருத்தியான கிளேராக நடித்த மோலி ரிங்வால்டே 2018இல் தன் மகளுடன் அமர்ந்து அதைப் பார்த்த அனுபவத்தைத் 'தி நியூ யார்க்கர்' இதழில் எழுதினார். மேசைக்கடியில் ஒளிந்திருக்கும் பெண்டர் என்ற சக மாணவன் கிளேரிடம் நடந்துகொள்ளும் விதம் பல ஆண்டுகளுக்குப் பின் தன்னை உறுத்தியதை அவர் மறைக்கவில்லை. அந்தப் படங்கள் பலருக்குத் துணையாக இருந்ததையும் மறுக்கவில்லை. நடித்தவருக்கே அது வேறு படமாகிவிட்டபோது, உங்கள் மகளுக்கு அந்நியமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

இப்போது இன்னொரு மேசைக்கடிக்கு வருகிறேன். போ பர்னம் இயக்கிய 'எய்த் கிரேட்' 2018இல் வந்தது. 'கிரீஸ்' படத்தில் பள்ளி மாணவியாக நடித்தபோது ஸ்டாக்கர்ட் சானிங்குக்கு வயது 33; இங்கே எட்டாம் வகுப்பு மாணவி கெய்லாவாக நடித்த எல்சி ஃபிஷர் அப்போதுதான் எட்டாம் வகுப்பை முடித்திருந்தவர். துப்பாக்கியுடன் ஒருவன் புகுந்தால் எப்படி ஒளிவது என்று பள்ளியில் ஒத்திகை நடக்கிறது. பிள்ளைகள் மேசைகளுக்கடியில் பதுங்கியிருக்கிறார்கள். கெய்லாவோ தனக்குப் பிடித்த பையனுடன் பேச அதுவே தருணம் என்று அவன் பக்கம் நகர்கிறாள். பயங்கரம் அன்றாடமாகிவிட்டதை வசனம் எதுவும் சுட்டிக்காட்டுவதில்லை. அந்தக் காட்சியில் நான் உறைந்துபோனேன்.

அதே படத்தில், வணிக வளாகத்தில் மேல்நிலை மாணவர்கள் கெய்லாவிடம் எந்த வகுப்பில் ஸ்னாப்சாட் என்ற கைப்பேசிச் செயலி கிடைத்தது என்று கேட்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் என்கிறாள். நான்கே வகுப்பு மூத்த அவர்கள், இவள் வேறு தலைமுறை என்று பேசிக்கொள்கிறார்கள்.

அந்தப் படத்தை உங்கள் மகளுடன் பாருங்கள். ஒத்திகைக் காட்சி வரும்போது திரையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள். அங்கே எது அவளுக்கு வியப்பளிக்கவில்லை என்பதை எனக்கு எழுதுங்கள்.