‘பயம்’ என்று போட்டால் போதாதா?

கேள்வி: லத்தீனிலும் இத்தாலிய மொழியிலும் அச்சத்துக்கும் நடுக்கத்துக்கும் இத்தனை சொற்கள் எதற்கு? எல்லாவற்றையும் ‘பயம்’ என்று மொழிபெயர்த்தால் போதாதா?

பதில்: போதாது. அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்துப் போட்டுவிட்டு அதையே மொழிபெயர்ப்பு என்று சாதிப்பவர்களோடு இந்தப் பக்கத்தில் நெடுநாளாக மல்லுக்கட்டி வருகிறேன். ஆகவே தங்களின் ‘போதாதா’வுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரோமானியப் பேச்சாளரும் சிந்தனையாளருமான சிசரோ, கி.மு. 45-இல் எழுதிய ‘துஸ்குலத்து உரையாடல்கள்’ என்ற லத்தீன் படைப்பின் நான்காம் நூலில், ஸ்டோயிக்குகள் என்னும் தத்துவப் பள்ளியினரைப் பின்பற்றி, அச்சத்தை வகை பிரித்துக் காட்டுகிறார். நெருங்கி வரும் தீங்குக்கு அஞ்சுவது திமோர். அறிவை இருந்த இடத்திலிருந்தே பெயர்த்துவிடுவது பாவோர். வந்தபின் விலகாமல் தங்கிவிடுவது ஃபோர்மிதோ. ஆளையே உலுக்கி, முகம் வெளிறி, உடல் நடுங்கி, பற்கள் தந்தியடிக்கச் செய்வது தெர்ரோர். மயிர்க்கூச்செறிதலைக் குறித்த ஹொர்ரோர் என்ற சொல்லும் உடலிலிருந்து பிறந்ததுதான். இத்தாலியர் நாள்தோறும் வழங்கும் பவூரா, அந்தப் பாவோரின் வழிவந்தது.

இத்தாலியக் கவிஞர் தாந்தேயிடம் வந்தால் உடல் இன்னும் அருகில் தெரிகிறது. அவருடைய ‘தெய்வீக நாடகம்’ காவியத்தின் ‘நரகம்’ பகுதி முதல் காண்டத்தில், பெண் ஓநாயைக் கண்டு அஞ்சி, வழிகாட்டியாக வரும் பண்டைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலிடம் அடைக்கலம் கேட்கும்போது, அது தம் ‘வேனே’யையும் ‘போல்ஸி’யையும் நடுங்கவைக்கிறது என்கிறார். இன்றைய இத்தாலியத்தில் போல்ஸி என்றால் மணிக்கட்டுகள் என்பதால், ‘மணிக்கட்டுச் சிரைகள் நடுங்கின’ என்று இத்தாலியர்களே பலர் அந்த வரியைத் திரித்துச் சொல்கிறார்கள். தாந்தே சொன்னது சிரைகளையும், நாடி துடிக்கும் தமனிகளையும். அதாவது உடலெங்கும் ஓடும் குருதிக் குழாய்கள் அனைத்தையும்.

பதினேழாம் காண்டத்தில் கெரியோன் என்ற பூதத்தின் முதுகில் வெர்ஜில் ஏறச் சொன்னதும் தாந்தேவுக்கு வரும் நடுக்கம் வேறு வகையானது. நான்காம் முறைக் காய்ச்சலின், அதாவது நான்காம் நாள்தோறும் திரும்பிவரும் மலேரியாவின், குளிர் நெருங்கி, நகங்கள் அதற்குள் வெளுத்துப்போய், நிழலைப் பார்த்த மாத்திரத்திலேயே உடம்பெல்லாம் வெடவெடக்கும் நோயாளியோடு தம்மை ஒப்பிடுகிறார். மலேரியாக் குளிரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்தான் நகங்களைக் கவனித்திருப்பார் என்று நினைக்கிறேன். அங்கே ‘பயந்தேன்’ என்று எழுதினால் அந்த நகங்கள் போய்விடும். அகராதியை மட்டும் நம்பினாலோ அதைவிட மோசம்: அந்தக் குளிருக்கு அவர் வழங்கும் ரிப்ரெட்ஸோ என்ற சொல்லுக்கு இன்றைய இத்தாலியத்தில் அருவருப்பு என்று பொருள், முதற்பொருளைப் பிடித்துக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர், குளிரில் நடுங்கும் காய்ச்சல்காரனை எதையோ கண்டு முகம் சுளிப்பவனாக்கிவிடுவார்.