எல்.ஈ.டி.கள் எரிந்துபோவது அடாப்டரால்தான்

வணக்கம் நண்பரே. இரண்டடி மீன் தொட்டிக்கு நீங்களே செய்த விளக்கில் 3 வாட் எல்.ஈ.டி.கள் ஒவ்வொன்றாக எரிந்துபோகின்றன, தொட்டிக்குள் வளரும் அனுபியாஸ் செடியின் இலைகளில் பாசி படிகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றுக்குச் சுமார் 3.2 வோல்ட் போதும். மூன்றைத் தொடராக இணைத்து 12 வோல்ட் அடாப்டரில் நேரடியாகக் கொடுத்ததால், ஒவ்வொன்றுக்கும் 4 வோல்ட் போகிறது. சூடு ஏற ஏற அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். இழுக்க இழுக்க மேலும் சூடாகும். தாங்குமா? அடாப்டரைக் கழற்றிவிட்டு, 600 மில்லி ஆம்பியர் அளவில் மாறா மின்னோட்டம் தரும் டிரைவரைப் பொருத்துங்கள். அதன் வோல்ட் வரம்பு உங்கள் எல்.ஈ.டி. எண்ணிக்கைக்குப் பொருந்த வேண்டும்.

எல்.ஈ.டி.களைப் பொருத்தியிருக்கும் மெல்லிய அலுமினியத் தகடும் போதாது. சூட்டை வெளியேற்றும், மடிப்புகள் உள்ள ஹீட் சிங்க் வாங்கி, எல்.ஈ.டி.களுக்கும் அதற்கும் இடையில் வெப்பக் கடத்துப் பசை தடவுங்கள். ஒரு மணி நேரம் எரியவிட்டு, பிளக்கைப் பிடுங்கியபின் அதன் முதுகில் விரல் வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் இன்னும் பெரியது தேவை.

பாசிக்குக் காரணம் நீங்கள் சொன்ன பத்து மணி நேர வெளிச்சம். டைமர் வைத்து ஆறு மணி நேரமாகக் குறையுங்கள். அனுபியாஸ் மெதுவாக வளரும் நிழல் செடி. விளக்குக்கு நேர் கீழே வைக்காமல் ஓரத்துக்கு மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மின்கம்பி பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவாகத் தொங்கட்டும். கம்பியில் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.