ராணி மார்கோ: எது கட்டுக்கதை, எது சரித்திரம்?

கேள்வி: பார்க்க வேண்டிய பிரெஞ்சுப் படங்கள் என்று நீங்கள் எழுதியதில் 1994-ல் வந்த 'ராணி மார்கோ'வை முதலாவதாகச் சொல்லியிருந்தீர்கள். பார்த்தேன். ஒரே ரத்தம், ஒரே வியர்வை. அரசவைக் காதல் படம் என்றால் கண்ணுக்கு அழகு வேண்டாமா? போதாததற்கு அந்தக் காதலே கட்டுக்கதை என்கிறார்கள். சரித்திரத்தைத் திரித்த படத்தைச் சிபாரிசு செய்யலாமா?

பதில்: காதல் கட்டுக்கதைதான். அதை வைத்து மொத்தப் படத்தையும் பொய் என்று தள்ளுகிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

முதலில் ரத்தம். 1572 ஆகஸ்ட் 18, பாரீஸ் நோத்ருதாம் தேவாலயம். கத்தோலிக்க இளவரசி மார்கரீத்துக்கும் (படத்தின் மார்கோ இவர்தான்) நவார் என்ற சிறு நாட்டின் புராட்டஸ்டண்ட் மன்னர் ஹென்றிக்கும் கல்யாணம். பத்து வருடமாக வெட்டிக்கொண்டு செத்த இரு தரப்பும் சமாதானமாகட்டும் என்று பெண்ணின் தாய் கேத்தரின் தெ மெதிசி முடித்த சம்பந்தம். 22-ஆம் தேதி புராட்டஸ்டண்ட் தலைவர் கொலினியைத் தெருவில் வைத்துச் சுட்டார்கள். காயத்தோடு தப்பினார். 24 விடிவதற்குள் வீடு புகுந்து கொன்றார்கள். அதோடு ஊர் முழுக்கப் புராட்டஸ்டண்ட் வேட்டை. பாரீசில் மட்டும் சுமார் 3,000 பேர் என்பது சரித்திர ஆசிரியர்கள் பலர் சொல்லும் கணக்கு. கல்யாண விருந்துக்கு வந்தவர்களை ஆறே நாளில் வெட்டிச் சாய்த்த கதையை, பட்டுத்துணியில் கறை படாமல் இயக்குநர் பத்ரீஸ் ஷெரோ எடுத்திருந்தால் அதுதான் திரிப்பு.

இனி காதலன். படத்தில் மார்கோ காதலிப்பது லா மோல் என்பவரை. நிஜ லா மோல் கத்தோலிக்கர், மார்கரீத்தின் தம்பி அலான்சோன் பிரபுவின் ஆள். 1574 ஏப்ரலில் அரசுக்கு எதிரான சதி என்று தலையை வெட்டினார்கள். அவரைப் புராட்டஸ்டண்ட் இளைஞராக்கி, படுகொலை இரவில் ராணியின் அறைக்குள் ஓடிவர வைத்தது 1845-ல் நாவல் எழுதிய அலெக்சாந்தர் டூமா. படம் அந்த நாவலைத்தான் பின்பற்றுகிறது.

ஆனால் அந்த அறைக்குள் ஒருவர் ஓடிவந்தது நிஜம். மார்கரீத்தே நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். 'நவார்! நவார்!' என்று யாரோ கதவை இடிக்க, வந்திருப்பது ஹென்றிதான் என்று தாதி திறந்துவிடுகிறாள். கையில் வாள் வெட்டோடு முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே பாய்கிறார், பின்னாலேயே நான்கு வில்வீரர்கள். அவர் கட்டிலில் விழுந்து ராணியைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, இருவரும் சுவர்ப் பக்கம் உருண்டு அலறுகிறார்கள். காவல் தலைவர் வருகிறார், அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிடுகிறார்! பிறகு வீரர்களை விரட்டி, அந்த ஆளின் உயிரை ராணிக்கு விட்டுக்கொடுக்கிறார். ராணி அவரைத் தன் உள்ளறையில் படுக்கவைத்துக் காயத்துக்குக் கட்டுப்போடச் செய்கிறார், ரத்தத்தில் நனைந்த தன் உள்சட்டையை மாற்றிக்கொள்கிறார்.

இதைவிட என்னை உலுக்கியது அதற்கு முந்தைய இரவு. மார்கரீத்திடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. தாய் படுக்கப் போகச் சொல்கிறார். விஷயம் தெரிந்த அக்கா குளோத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, போகாதே என்று அழுகிறார். இவளை இப்படிப் பலிகொடுக்க அனுப்புவது முறையில்லை என்று தாயிடம் வாதாடுகிறார். கேத்தரின் அசையவில்லை. பெண் போகாவிட்டால் புராட்டஸ்டண்டுகளுக்குச் சந்தேகம் வந்துவிடுமாம். பெற்ற மகளைத் தூண்டில் இரையாக வைத்த அரசவை அது. மார்கோவாக நடித்த இஸபெல் அஜானியின் முகத்தில் படம் முழுக்கப் படிந்திருக்கும் அந்தப் பீதிக்குக் காரணம் தேட வேறெங்கும் போக வேண்டாம்.

நீங்கள் குறை சொல்லியிருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதைக் கேட்கவில்லை. கேத்தரினுக்குப் படம் நியாயம் செய்யவில்லை. அந்த வேடத்துக்கு வீர்னா லீசி கான் விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றார், தகும். ஆனால் 1562-லேயே புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தரும் ஆணைக்குப் பின்னால் நின்றவர் கேத்தரின். படத்தில் அவர் வெறும் விஷக்காரி. மகன் சார்லஸ் மன்னர் செத்தது காசநோயால் என்பதுதான் சரித்திரம். படத்தில் அவரைக் கொல்லும் விஷம் தடவிய புத்தகம் டூமாவின் சரக்கு. கொலைப்பழியில் பங்குள்ள ஒருத்தி மேல் செய்யாத கொலையையும் சுமத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

காதல் விஷயத்துக்கு வருகிறேன். லா மோலை விட்டுவிட்டு மார்கரீத்தையும் ஹென்றியையும் மட்டும் பின்தொடர்ந்து படத்தை மறுபடி பாருங்கள். அவர்களுக்குள் ஆசை கிடையாது, வாக்கு மட்டும் உண்டு. படுகொலை முடிந்த சில நாளில், உன் புருஷன் ஆண்தானா, இல்லையென்றால் கல்யாணத்தை ரத்து செய்துவிடலாம் என்று தாய் கேட்டதாக மார்கரீத் எழுதுகிறார். பிரித்துவிட்டு அவரைத் தீர்த்துக்கட்டத்தான் இந்தக் கேள்வி என்று புரிந்துகொண்டு, நீங்கள் என்னை வைத்த இடத்திலேயே இருந்துகொள்கிறேன் என்று பதில் சொன்னாராம். அந்த ஹென்றிதான் 1589-ல் பிரான்சின் அரசராகி, 1598-ல் நாந்த் ஆணை போட்டு, புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தார். மறு வருடம் அந்தக் கல்யாணம் ரத்தானது, மார்கரீத்தின் சம்மதத்தோடு.